மூலபாஷைக்காரரும் மார்கரெட்டின் வாக்குத்தத்தச் சீட்டும்

மூலபாஷைக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆராதனை முடிந்து போதகர் கைகுலுக்க வாசலில் நிற்பார் அல்லவா, அங்கே வரிசை நகரவில்லை என்றால் முன்னால் இவர் நிற்கிறார் என்று அர்த்தம். "நல்லாப் பேசுனீங்க ஐயா. ஆனா பைபிளோட மூலபாஷை எபிரேயத்துல அப்படி இல்ல." அவ்வளவுதான், போதகர் முகத்தில் ஈயாடாது.

செங்கல்பட்டுக்கு வாய்த்தவர் தேவசகாயம். சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருந்தாரா? தபால் வழியில் இறையியல் டிப்ளமோ படித்து, சான்றிதழை லேமினேட் செய்து, கல்யாணப் போட்டோவைக் கழற்றிய ஆணியில் அதை மாட்டி, பீரோவில் மனைவி மார்கரெட்டின் புடவைகளைக் கீழ்த்தட்டுக்குத் தள்ளி பைபிள் விளக்கவுரைகளை அடுக்கி, மஞ்சள் கோடு போட்டது போதாமல் பச்சைக் கோடும் போட்டு, கிரேக்க எழுத்து இருபத்துநாலில் பதினாறைக் கற்றுக்கொண்டார். மீதி எட்டு எழுத்து வருகிற வார்த்தைகளை வாயில் எடுப்பதில்லை.

படிப்பது தப்பா? யார் சொன்னது? படிக்காமலே முழங்குகிறவர்கள் ஊருக்கு நூறு பேர். இவர் வியாதி வேறு. ஒரு வசனம் யாருக்காவது ஆறுதலாக இருக்கிறது என்று தெரிந்தால் இவருக்குப் பொறுக்காது.

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் கூடையில் வாக்குத்தத்தச் சீட்டு வைப்பார்கள். ஆளுக்கொரு வசனம் எடுத்து, இந்த வருஷம் ஆண்டவர் எனக்குச் சொன்னது இதுதான் என்று பைபிளுக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். இந்த வருஷம் மார்கரெட் எடுத்தது மகள் ஷாரோனுக்காக. இரண்டு கரு தங்காமல் போய், மூன்றாவது ஏழு மாசம் தாண்டியிருந்தது. பயப்படாதே, உன் சந்ததியைக் கொண்டுவருவேன் என்கிற மாதிரி ஒரு வசனம் வந்தது. மார்கரெட்டுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க, நம்ம பொண்ணுக்கே சொன்ன மாதிரி கீது."

மனுஷனாய்ப் பிறந்தவன் இங்கே என்ன செய்வான்? 'ஆமென்' என்பான். தேவசகாயம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சந்தர்ப்பத்தோட வாசிக்கணும் மார்கரெட்டு. இது பாபிலோன்ல சிறையிருந்தவங்களுக்குச் சொன்னது. நாடு திரும்புற விஷயம். பிரசவத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மூலபாஷைல..."

"உங்க மூலபாஷைல தீய வெக்க!" சீட்டைப் பர்சுக்குள் திணித்துக்கொண்டு விறுவிறுவென்று ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் மதியம், நாளுக்கு முன்னாலேயே ஷாரோனுக்கு வலி கண்டுவிட்டது. இரண்டு உயிரையும் காப்பாற்றப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டார். தேவசகாயத்தின் போனில் நாற்பத்திரண்டு விளக்கவுரைகள் இருந்தன. தள்ளித் தள்ளிப் பார்த்தார். துன்பம் ஏன் வருகிறது என்பதற்கு ஐந்து கோட்பாடுகள் இருந்தன. ஒன்றும் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. பெற்ற மகள் உள்ளே கிடக்கிறாள்.

"மார்கரெட்டு, அந்தச் சீட்டு வெச்சிருக்கியா?"

"எது, பாபிலோன்காரங்களுதா?"

"குடேன்."

கொடுத்தாள். இரண்டரை மணி நேரம் அந்த ஒற்றை வரியை, பச்சையும் போடாமல் மஞ்சளும் போடாமல், உதடு அசைய வாசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார் மனுஷன்.

பேரன் பிறந்தான். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

திருந்திவிட்டார் என்றா நினைத்தீர்கள்? நல்ல கதை! பிள்ளை வீட்டுக்கு வந்த வாரம், மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டும் பெஞ்சமின் சர்ச் வாசலில் தன் சீட்டை நீட்டினார். புயலில் கூரை பறிபோனவர்.

"பிரதர், இடிஞ்சத கட்டுவேன்னு வந்துகீது. நம்ம வூடுதான?"

"அது எருசலேம், பெஞ்சமின். சந்தர்ப்பம் வேற."

"அப்ப உங்க பேரன் சீட்டு?"

"அதுக்கு இரண்டாம் நிறைவேறுதல் உண்டு, பிற்காலத்துலயும் ஒரு தடவை பலிக்கும். புதுசா ஒரு விளக்கவுரை வாங்குனேன். நூத்திப் பன்னெண்டாம் பக்கம்."

பெஞ்சமின் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சிரிப்பு வருகிறதா? தாராளமாகச் சிரியுங்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள். மார்கரெட் கண் கலங்கி நின்றாளே, அந்த இடத்தில், 'என்ன இருந்தாலும் அந்த ஆள் சொன்ன விளக்கம் சரிதானே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதா? விளக்கம் சரிதான், ஐயா. அவருக்கும் அது சரியாகத்தான் இருந்தது, தியேட்டர் கதவு சாத்துகிறவரைக்கும்.