ஏழாவது விளக்கு

அன்புள்ள அண்ணா,

இல்லை, உன் பெயரில் ஏற்றிய விளக்கை இறக்கவில்லை. இன்னும் எரிகிறது. இங்கே எல்லாரும் நலம். அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

உன் தந்தியில் "குழந்தை பிறந்தது, இருவரும் நலம்" என்று மட்டும் இருந்தது. மான்செஸ்டரில் சொற்களுக்கு அவ்வளவு பஞ்சமா? பெரியப்பா மூன்று முறை படித்தார். பெண் என்றால் சொல்லியிருப்பான், சொல்லாமல் விட்டதால் ஆண்தான் என்று முடிவு கட்டி, இந்த வருடம் மகன் பிறந்த மற்ற ஆறு வீட்டாரோடு முன்னோர் மண்டபத்துக்குப் போய், உன் பெயரில் காகித விளக்கை உத்தரத்தில் தொங்கவிட்டு, பட்டாசு வெடித்து, மூன்று நாள் விடியலில் எழுந்து தன் கையால் எண்ணெயும் ஊற்றிய பிறகு உன் கடிதம் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். நம் ஊர் மதிலுக்குள் ஒரு வீட்டில் வாசித்தால் ஆறு வீட்டில் கேட்கும். "மகள்" என்ற இடத்தில் பக்கத்து வீட்டு வாணலிச் சத்தம் நின்றது.

பிற்பகலுக்குள் பெரியவர்கள் ஒன்பது பேரும் மண்டபத்தில் கூடிவிட்டார்கள். தேநீர் ஊற்ற நான்.

"எறக்கிடணும். பொண்ணுக்கு வெளக்கா? நாளைக்கு மண்டபத்துல ஆம்பளைங்களுக்குப் பிரிக்கிற பன்றிக்கறியில பங்கும் கேப்பா," என்றார் ஃபூக் சித்தப்பா.

"அவளுக்கு இன்னும் பல்லே மொளைக்கலடா," என்றார் சியூங் தாத்தா. வயது எண்பத்தாறு, எல்லாருக்கும் மூத்தவர்.

"பல்லில்லாம எப்படித் திம்பா?"

"எனக்கு மட்டும் இருக்கா? நான் பங்கு வாங்கல?"

பெரியப்பா நிமிரவே இல்லை. "தப்பு என்னோடதுங்க ஐயா. எறக்கச் சொன்னா எறக்கிடுறேன்."

தாத்தா உத்தரத்தையே பார்த்தார். "மூணு நாளா எரியுது. முன்னோருக்குப் புடிக்கலன்னா ஒரு காத்தடிச்சு அணைச்சிருக்க மாட்டாங்களா?"

"எண்ணெ ஊத்துனது இவரு!"

"ஊத்துறப்போ கையத் தட்டிவிட்டாங்களா?"

பல்கலைக்கழகத்தில் தர்க்கம் படித்தவள் நான். இப்படி ஒரு வாதத்தை அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

தீர்ப்பு: விளக்கு இருக்கும். அடியில் ஒட்டும் சிவப்புத் தாளில் உன் மகளின் பெயர். தவறுதலாக நேர்ந்ததால், இந்த ஒரு முறை மட்டும். இதைக் காட்டி இனி எவளும் கேட்கக் கூடாது. ஒன்பது தலைகளும் ஆடின. கெண்டியோடு நின்ற என் தலையும்.

இவர்களைப் பழமையில் ஊறியவர்கள் என்று இருபது பக்கம் கட்டுரை எழுதியிருக்கிறேன். அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட, முன்னோருக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம் என்று சொல்லவில்லை. கட்டுரையில் அது இல்லை.

அண்ணி குளிர்ந்த நீரில் கை வைக்கக் கூடாதாம். இஞ்சி போட்டுப் புளிங்காடியில் வேகவைத்த பன்றிக்கால் தினமும் சாப்பிட வேண்டுமாம். பெரியப்பா உத்தரவு. குழந்தைக்கு ஒன்பது பேரின் ஆசியும்.

உன் தங்கை,
சுக்-வான்

பி.கு.: தலையாட்டினேன் என்று எழுதியதை நம்பாதே. இன்று காலை சந்தைக்குப் போய் விளக்குக் கடையில் ஒன்று கேட்டேன். "கொழந்தைக்கு எத்தன மாசம்?" என்றார் கடைக்காரர். இருபத்தாறு வயது என்றேன். "அப்போ பெருசா வேணும்," என்று மூங்கிலை எடுத்தார். மதியம் மண்டபத்தில் ஏணியைச் சாத்தி, என் பெயரோடு எட்டாவதாக மாட்டிவிட்டு, எண்ணெய் ஊற்றினேன்.