எறக்கத்துக்காரரின் பேட்டரி

சேலம், நாமக்கல் பக்கமெல்லாம் சமவெளி என்று பாடப்புத்தகத்தில் எழுதியவர் எறக்கத்துக்காரரைக் கேட்காமல் எழுதிவிட்டார். கேட்டிருந்தால், சேந்தமங்கலத்திலிருந்து சேலம் வரை எந்தெந்த இடத்தில் பூமி எத்தனை விரற்கடை சாய்ந்திருக்கிறது என்று சொல்லியிருப்பார். சர்வே அலுவலகக்காரர்கள் கருவியை நட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற விஷயத்தை, அவர் வண்டி ஓட்டிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவார்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது யாருக்கும் தேவைப்படவில்லை. இருபது வயதைத் தாண்டிய ஒரு பிக்கப் வண்டியில் முட்டை ஏற்றிக் கடைகடையாகப் போடுவது அவர் தொழில். அந்த வண்டியின் பேட்டரியில் சார்ஜ் மட்டும் நிற்காது. ஒரு மணி நேரம் நிறுத்தினால் கிளம்பும். இரண்டு மணி நேரம் என்றால் வண்டியின் மனசைப் பொறுத்தது. அதற்கு மேல் போனால் சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். ஆகவே எங்கே போனாலும் இறக்கம் பார்த்துத்தான் நிறுத்துவார். கிளம்பும்போது பிரேக்கை விட்டு வண்டியை உருளவிடுவார். உருண்டு வேகம் பிடித்ததும் இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் 'தடக்' என்று எஞ்சினுக்கு உயிர் வந்துவிடும்.

முட்டை ஏற்றிய வண்டியை இப்படி உதறி எழுப்பினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கிளட்ச எப்புடி உடறதுன்னு இருக்குதுங்க தம்பி. தூங்கற கொழந்தைய தோள் மாத்தறாப்புல உடோணும்" என்றார். ஒரு முட்டை விரிசல் விட்டு நான் பார்த்ததில்லை.

மனிதர் வாழ்க்கையையே சாய்வாக அமைத்துக்கொண்டிருந்தார். டீ குடிப்பது ஒரு கடையில். அந்த டீயைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் என்று சொன்னால் பாத்திரம் கோபித்துக்கொள்ளும். ஆனால் கடை வாசல் நல்ல இறக்கம். முடி வெட்டுவதும் இறக்கத்தில் இருந்த சலூனில்தான். இடது கிருதா காதுக்கு மேலேயும் வலது கிருதா தாடையிலும் நிற்கும். கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார், பெண் யார் என்று பார்க்கமாட்டார். மண்டபம் எது என்று பார்ப்பார். "அது மட்டமான எடமுங்க" என்று பத்திரிகையை மடித்து வைத்தால், சமையல் மோசம் என்று அர்த்தமில்லை.

அப்போது நான் நாமக்கல்லில் ஒரு கோழித்தீவன அலுவலகத்தில் வேலை பார்த்தேன். தினமும் மதியம் எறக்கத்துக்காரர் வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். என் பேச்சு சுவாரஸ்யமாக இருக்கிறது போல என்று ஆறு மாதம் பெருமைப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்தத் தெருவிலேயே எங்கள் அலுவலக வாசல்தான் நல்ல சரிவு.

பேட்டரியை அவர் சும்மா விட்டுவிடவில்லை. நான்கு பேட்டரி மாற்றிவிட்டார். ஐந்து பட்டறைகளில் காட்டிவிட்டார். ஒருவர் ஹாரன் மேல் பழி போட்டார், ஹாரன் போயிற்று. அன்றிலிருந்து ஜன்னல் வழியே தலையை நீட்டி "ஓரம் போங்க சாமி" என்று அவரே கத்தினார். இன்னொருவர் ரேடியோ என்றார்; ரேடியோ போயிற்று. கடைசியாக ஒருவர் துணிந்து, வண்டிக்குள் இருந்த கருப்பனார் சாமி படத்துக்கு முன்னால் இரவும் பகலும் எரிந்த குட்டிச் சிவப்பு விளக்கைக் காட்டினார். எறக்கத்துக்காரர் இரண்டு நாள் யோசித்து, கற்பூரம் காட்டி, மன்னிப்புக் கேட்டு அதையும் கழற்றினார். பேட்டரி பழையபடியே தீர்ந்தது.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, கோகிலாவின் போன் வரும் வரைக்கும்.

கோகிலா அவருடைய ஒரே மகள். காவிரிக்கரையில் வாழைத் தோட்டத்துக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அந்த ஊர் தோசைக்கல் மாதிரி மட்டம். கல்யாணம் முடிந்து முதல் விருந்துக்குப் போனபோது, திரும்பும் நேரத்தில் வண்டி 'டிக்' என்றது. சம்பந்தி, பாவம், சலவை வேட்டியோடு பின்னால் நின்று தள்ளினார். எஞ்சினுக்கு உயிர் வந்தபோது சைலன்சர் அத்தனை கரியையும் அவர் மேல் துப்பியது. சம்பந்தி சிரித்துக்கொண்டே துடைத்துக்கொண்டாராம். எறக்கத்துக்காரரால்தான் சிரிக்க முடியவில்லை.

அதன் பிறகு மூன்று வருடம், மகள் வீட்டுக்குப் போனால் எஞ்சினை அணைக்கவே மாட்டார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்கும். முட்டை டிரேயையும் பலகாரத்தையும் இறக்குவார், நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடிப்பார், பேத்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டு ஏறிவிடுவார். பஸ்ஸில் போகலாமே என்றேன். "முட்டை வண்டிக்காரன் பஸ்ல போய் எறங்குனா, வண்டிய வித்துப்போட்டான்னு பேசமாட்டாங்களா?" என்றார்.

பேத்திக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் குத்த வேண்டும். கோகிலாவுக்கு உடன்பிறந்தவன் கிடையாது. ஆகவே தாத்தா மடிதான். அதைச் சொல்லத்தான் கோகிலா போன் செய்தாள். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பேசியதால் அவள் குரல் எனக்கும் கேட்டது.

"ஏனுங்கப்பா, மூணு வருசமா எங்கூட்டுல ஒரு வாய் சோறு உங்கலீங்க. எங்க மாமியா என்ன நெனைப்பாங்க? நான் என்ன நெனைக்கறது? வந்தா வண்டிய அணைச்சுப்போட்டு, உக்காந்து, உண்டுபோட்டுப் போங்க. இல்லீன்னா வரவே வேண்டாமுங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "அம்மா இல்லாத புள்ளைங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அந்த முகத்தை வைத்துக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை.

"சேலத்துல சேவியர்னு ஒரு எலக்ட்ரீசியன் இருக்காரு. கெட்டிக்காரர். அங்க போனீங்களா?"

"போகலீங்க."

"ஏன்?"

"அவரு பட்டறை மட்டத்துல இருக்குதுங்க."

"அந்த அஞ்சு பட்டறையும்?"

"எல்லாம் நல்ல எறக்கமுங்க" என்றார் பெருமையாக.

வைத்தியரின் கைராசியைப் பார்க்காமல் அவர் வீட்டு வாசலைப் பார்த்து வைத்தியம் செய்துகொண்டிருக்கிறார் மனிதர். "சரிபண்ணத்தானே போறோம், அப்புறம் எறக்கம் எதுக்கு?" என்றேன். "சரியாவலீன்னா?" என்றார். "நான் தள்ளுறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். என் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் சம்மதித்தார்.

சேவியர் எதையும் கழற்றவில்லை. முதலில் பேட்டரியை முழுசாக சார்ஜ் ஏற்றினார். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தி, பேட்டரியின் நெகடிவ் ஒயரைப் பிரித்து நடுவில் மீட்டரைக் கோத்தார். மீட்டரையே உற்றுப் பார்த்தார்.

"தூங்குற வண்டி மூணு ஆம்பியர் குடிக்குதுண்ணே."

பிறகு ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றைப் பிடுங்கி மீட்டரைப் பார்ப்பார். திரும்ப வைத்துவிட்டு அடுத்ததைப் பிடுங்குவார். மீட்டரில் மூன்று அப்படியே நின்றது. கடைசி ஃபியூஸைப் பிடுங்கியும் அசையவில்லை. எறக்கத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தள்ளுவதற்குத் தயாரானேன்.

"ஃபியூஸ் வழியாப் போகலைன்னா, ஃபியூஸ் இல்லாத ஒயருல போகுது" என்று சொல்லிக்கொண்டே சேவியர் எஞ்சின் பக்கம் குனிந்தார். பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றினார். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது.

"உள்ள கரண்ட்டைத் திரும்ப விடாம தடுக்குற டையோடு போயிருக்குண்ணே. ஓடும்போது அரைகுறையா ஏத்துது. நிறுத்துனா ஏத்துனதையும் திரும்ப இழுத்துக்குது."

ஊட்டுகிற கையே பிடுங்கித் தின்றிருக்கிறது. எறக்கத்துக்காரர் மீட்டரைப் பார்க்கவில்லை, கருப்பனார் படத்தைப் பார்த்தார். "அப்ப சாமி வெளக்கு?"

"அது பாவம், பத்துல ஒரு பங்கு கூட குடிச்சிருக்காது. சின்ன பல்பாப் போட்டுக்கங்க."

சாயங்காலத்துக்குள் டையோடு மாற்றி, சாமி விளக்கையும் மாட்டினார் சேவியர். எறக்கத்துக்காரர் படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் காலையில் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. பேச்சே கிடையாது. சாவியைத் திருப்பும் சத்தம், எஞ்சின் சத்தம், பிறகு போனை வைக்கும் சத்தம்.

காது குத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். "நேரா வாசல்ல, மட்டத்துல நிறுத்தறேன். சாவிய எடுத்து சம்பந்தி பாக்கறாப்புல சட்டப்பையில போட்டுக்கறேன். கோகிலா முகத்த நீங்க பாருங்க தம்பி." மூன்று வருடக் கனவு அது.

போய்ச் சேர்ந்தோம். வீட்டு வாசலில் ஒரு மேடு நின்றது. புது கிராவல் மண்ணைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்ணை இறுக்குகிற திம்சு கட்டையால் இடித்து, இரண்டு ஓரத்திலும் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே ஒரு கோலம் கூட இருந்தது. கோகிலா ஓடி வந்தாள்.

"எறக்கம் போட்டுட்டோமுங்கப்பா. அவருகிட்டச் சொல்லி ரெண்டு லோடு மண்ணு அடிச்சோம். மாமாதான் நின்னு இடிச்சாரு. மேல ஏத்தி நிறுத்துங்க. எத்தன நேரம் வேணாலும் நிக்குட்டும்."

சம்பந்தி பக்கத்தில் நின்று கைகூப்பினார். முழங்கால் வரைக்கும் செம்மண்.

பேட்டரி சரியாகிவிட்டது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். எறக்கத்துக்காரரின் கை ஜன்னலுக்குக் கீழே என் தொடையைப் பிடித்து ஒரு திருகு திருகியது. வாயை மூடிக்கொண்டேன்.

வண்டியை மெதுவாகக் கோலத்தை மிதிக்காமல் மேலே ஏற்றினார். எஞ்சினை அணைத்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அந்த வாசலில் சத்தம் அடங்கியது. இறங்கி, மேட்டைச் சுற்றி வந்து, சாய்வைக் கண்ணால் அளந்து, "நல்ல எறக்கமுங்க" என்றார் சம்பந்தியிடம். அவர் வாயால் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பேத்தியை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி குத்தும்போது குழந்தையைவிட அவர்தான் அதிகமாக அழுதார். பந்தியில் உட்கார்ந்து, கோகிலா பரிமாறப் பரிமாற, ரசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்து ஒரு தூக்கமும் போட்டார். நாங்கள் கிளம்பும்போது ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

எல்லோரும் வாசலில் வந்து நின்றார்கள். அவர் சாவியை ஒரு சுற்றோடு நிறுத்தி, பிரேக்கை விட்டார். வண்டி உருண்டது. கிளட்சை விட்டார். 'தடக்'. கோகிலா கை தட்டினாள். சம்பந்தி, ஏதோ தன் தோட்டத்தில் பாறை உடைத்துத் தண்ணீர் வந்துவிட்டதைப் போல நிமிர்ந்து நின்றார்.

ஊர் எல்லை தாண்டியதும் கேட்டேன். "சாவி போட்டாலே கிளம்பியிருக்குமே?"

"கெளம்புமுங்க" என்றார். "ஆனா ரெண்டு லோடு மண்ணு அடிச்சிருக்குதுங்களே எம்புள்ள."

இன்று வரைக்கும் அவர் அங்கே சொல்லவில்லை. மற்ற இடங்களில் சாவி போட்டே கிளப்புகிறார். மகள் வீட்டில் மட்டும் மேட்டில் ஏற்றி, உருட்டித்தான் கிளப்புவார். போன மழையில் மேடு ஒரு பக்கம் கரைந்துவிட்டதாம். வண்டியில் இப்போது ஒரு மண்வெட்டி வைத்திருக்கிறார்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சில மாதங்களுக்கு முன் வேறு வீடு பார்க்கப் போனோம். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும் என்று என் மனைவி வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தாள். எறக்கத்துக்காரர் வண்டிக்கு இனி அது தேவையில்லை என்று தெரிந்தும், நான் வெளியே நின்று, வாசலில் தெரு கொஞ்சமாவது சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். சாய்ந்திருந்தது. அந்த வீட்டையே பிடித்துக்கொண்டோம். எறக்கத்துக்காரர் வருகிறார், இப்போதும் மதியத்தில்தான்.