வேண்டாமக்கா விற்காத பிக்-அப்கள்

பிக்-அப் விற்கும் வேலையில் சம்பளம் வாங்கிக்கொண்டே, ஒரு பிக்-அப்பும் விற்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டாமக்காவைப் போலப் பாடுபட்டவர் கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரைக்கும் வேறு யாரும் கிடையாது.

நானும் அவரும் ஒரே ஷோரூமில் இருந்தோம். கிள்ளானில், மேம்பாலத்தை ஒட்டி, பின்னால் சரக்குத் தட்டு வைத்த டீசல் பிக்-அப் வண்டி மட்டும் விற்கிற கடை. எந்தக் கம்பெனி வண்டி என்று எழுத மாட்டேன். எழுதினால் என் பழைய மேனேஜர் இன்றைக்கும் வக்கீல் வைப்பார். சாலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு நேர் எதிரே, வேறொரு கம்பெனியின் ஷோரூம். பெட்ரோல் நிலையத்தைத் தாண்டினால் புதிதாக வந்த சீன வண்டிக் கடை. பிக்-அப் வாங்க வருகிறவர்கள் மூன்று கடையும் ஏறி இறங்குவார்கள். எது நன்றாக இழுக்கும், எது டீசல் குடிக்கும், எதைத் திரும்ப விற்றால் விலை போகும் என்று மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டு, மூன்று இடத்திலும் ஒரே பொய்யை வாங்கிக்கொண்டு, கடைசியில் மச்சான் எதை வாங்கினானோ அதையே வாங்குவார்கள்.

நான் லோன் தாள்களைப் பார்க்கும் மேசையில். வேண்டாமக்கா விற்பனையில். சட்டையில் குத்தியிருந்த பெயர் வேறு. அதைச் சம்பளம் போடுகிறவரைத் தவிர யாரும் சொன்னதில்லை. ஐம்பதைத் தாண்டியவர். கம்பெனி கொடுத்த சட்டை அவருக்கு இரண்டு அளவு பெரிது. யாரோ காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்காமல் போய்விட்டது போன்ற ஒரு பார்வை முகத்தில் எப்போதும் இருக்கும்.

மற்ற விற்பனையாளர்கள், உள்ளே நுழைகிறவரிடம் “என்ன பட்ஜெட் அங்கிள்?” என்று ஆரம்பிப்பார்கள். வேண்டாமக்காவிடம் இருந்தது ஒரே ஒரு கேள்வி.

“பின்னால யாரு உக்காருவா?”

யாரும் அந்தக் கேள்வியை எதிர்பார்த்து வருவதில்லை. இழுவை சக்தியைக் கேட்பார்கள், குதிரைத் திறனைக் கேட்பார்கள். “குதிரையா மேய்க்கப் போறீங்க?” என்பார். பிறகு எங்கள் வண்டியின் பின் கதவைத் திறந்துவைத்துப் பாடத்தைத் தொடங்குவார். “முன்னால ரெண்டு சீட்டு சொர்க்கம். எந்தக் கம்பெனியும் ஓட்டறவனுக்குத்தான் வண்டி செய்யிறான். பின்னால உக்கார்ற ஆள ஃபேக்டரில யாரும் ஒரு வார்த்த கேக்கல. பாருங்க, முதுகு நெட்டுக்குத்தா நிக்குது. கோர்ட்டுக் கூண்டு மாதிரி. எதிர்க்கட வண்டி கொஞ்சம் சாஞ்சிருக்கும், முட்டி இடிக்காது. இது வேண்டாம், அங்க போய்ப் பாருங்க லா.”

வந்தவர் உண்மையாகவே சாலையைக் கடந்து போய்விடுவார். கண்ணாடிச் சுவர் வழியாக மேனேஜர் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

ஒருமுறை ஜெஞ்சாரோமிலிருந்து ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். இருப்பதிலேயே உயர்ந்த மாடல்தான் வேண்டும் என்றார். தோல் சீட்டு, பெரிய சக்கரம், காட்டு வழியில் ஏற நான்கு சக்கர இழுவை, எல்லாம். மேனேஜரே போய் காப்பி போட்டுக் கொண்டுவந்தார். வேண்டாமக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“அண்ணே, ஏத்தப் போறது ஆடு. இறக்கப் போறது பாசார்ல. எந்தக் காட்டுல ஏறப் போறீங்க?”

“ஒரு கெத்துக்குத்தான்க்கா.”

“ஆடு பாக்குமா கெத்த? பின் சீட்டே இல்லாத சிங்கிள் கேப் எடுங்க. அதுவும் சீனாக்காரன்கிட்ட எடுங்க. தட்டு நீளம்.”

மேனேஜர் அந்தக் காப்பியைத் தானே குடித்தார்.

இன்னொரு நாள், புதிதாகக் கல்யாணமான ஜோடி. பெண் ஆறேழு மாதக் கர்ப்பம். பையன் கண்ணில் காதல், முழுவதும் பின் சீட்டு வைத்த எங்கள் சிவப்பு டபுள் கேப் மேல். பிள்ளைக்கான சீட்டைப் பின்னால் மாட்டினால் நீயும் பின்னால்தான் உட்காருவாய் என்று வேண்டாமக்கா அந்தப் பெண்ணை ஏறச் சொன்னார். ஒரு காலைப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, அந்தப் பெண் ஏறி உட்கார்ந்து முடிப்பதற்குள் பையனுடைய அம்மா, அவன் சம்பளம், கல்யாணத்தில் நடந்த குறை எல்லாம் சண்டையாக வெளியே வந்துவிட்டன. இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்து போனார்கள். வேண்டாமக்கா பின் கதவைத் துணியால் துடைத்தார்.

அவர் சொன்னது எப்போதும் சரி என்றும் நினைத்துவிட வேண்டாம். ரவாங் கான்ட்ராக்டர் ஒருவரைப் பிடித்து எதிர்க்கடைக்குத் தள்ளினார். ஒரு மாதத்தில் அவர் சண்டைக்கு வந்தார். “அந்த வண்டி எவ்ளோ உயரம் தெரியுமா? எங்கம்மாவால ஏறவே முடியல.”

“ஸ்டூல் வாங்கிக் குடுங்க,” என்றார் வேண்டாமக்கா, தலையை நிமிர்த்தாமல்.

இப்படிப்பட்டவரை ஏன் வைத்திருந்தார்கள் என்று கேட்பீர்கள். கடையை ஆரம்பித்த சீன முதலாளி, கிழட்டு தவுக்கேக்கு அவரைப் பிடிக்கும். ஷோரூமுக்கு வந்தால் நேராக அவரிடம் போய், இன்றைக்கு யாரை விரட்டினாய் என்று மலாயில் கேட்டு, வயிறு குலுங்கச் சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு மதியம், காட்சிக்கு நிறுத்திய வண்டியின் தட்டில் உட்கார்ந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பின் சீட்டு மேல் என்னக்கா அப்படி ஒரு கோபம் என்று கேட்டேன். மிளகாய்ச் சம்பலைச் சோற்றில் பிசைந்தபடியே சொன்னார்.

“எம் புருஷன் கேஸ் சிலிண்டர் போட்டாரு, கடை கடையா. டபுள் கேப் வெச்சிருந்தாரு. கல்யாணமான நாள்லேர்ந்து நான் பின்னாலதான். முன்னால மாமியார். வயசானவங்களாம், கால நீட்டணுமாம். என்னைவிட வேகமா நடப்பாங்க. ஒருநாள் மாமியார் வரல. இன்னைக்கு முன்னால உக்காரலாம்னு கதவத் தொறந்தேன். சீட்டுல ஒரு கேஸ் சிலிண்டர வெச்சு பெல்ட் போட்டிருந்தாரு. என்னாங்க இதுன்னேன். ‘அது உருளும், நீ உருள மாட்டே’ன்னாரு.”

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.

“அப்புறம் ஒருநாள் வீட்ட விட்டுப் போனாரு. நான் வாசல்லதான் நின்னேன். வண்டி கடந்து போவுது. முன் சீட்டுல ஒரு பொண்ணு. பெல்ட்டு போட்டிருந்தா.”

பொட்டலத்தை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார். அவரும் சாலையைக் கடந்து போனார்.

கிழட்டு தவுக்கே இறந்து மகன் வந்தார். மகனுக்குச் சிரிப்பு கிடையாது. சுவரில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டினார். அதில் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரே விற்ற வண்டிகளின் எண்ணிக்கை. டீசலுக்குக் கொடுத்துவந்த மானியம் போய், எண்ணெய் விலை ஏறி, எல்லோருடைய எண்ணிக்கையும் வற்றியது. வேண்டாமக்காவுக்கு வற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. இந்த மாதம் ஒன்றாவது விற்காவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் என் எதிரிலேயே சொன்னார். “சரி சார்,” என்றார் வேண்டாமக்கா. அன்று மாலை முதல்முறையாக அவர் விலைப்பட்டியலை எடுத்துப் படிப்பதைப் பார்த்தேன். அவருக்கு வேறு வேலை யாரும் கொடுக்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அந்த மாதம்தான் அந்த மனிதர் வந்தார். மழை பிடித்த ஒரு பிற்பகல். நல்ல தொப்பை, கழுத்தில் சங்கிலி, பின்னால் குடையுடன் ஒரு பெண். கேஸ் வியாபாரத்துக்கு மூன்று சிங்கிள் கேப், வீட்டுக்கு ஒரு டபுள் கேப், நான்கும் ஒரே கம்பெனியில் எடுக்கப் போவதாகச் சொன்னார். எங்கள் வண்டியா எதிர்க்கடை வண்டியா என்பதுதான் பாக்கியாம். மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். ஆனால் வருகிறவர்களை முறை வைத்துத்தான் பிரித்துக்கொள்வோம். முறை வேண்டாமக்காவுடையது.

“நீ இங்கயா வேல செய்யிற?” என்றார் வந்தவர். அந்தக் குரலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, இவர்தான் அந்தப் புருஷன்.

“வாங்க பாஸ். என்ன மாதிரி வண்டி பாக்குறீங்க?” என்றார் வேண்டாமக்கா.

அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்சை அந்த ஷோரூமில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. சிலிண்டர் சுமைக்கு எங்கள் வண்டியின் பின் ஸ்பிரிங் பட்டைகள் எப்படித் தாங்கும், எதிர்க்கடை வண்டி எவ்வளவு டீசலை மிச்சம் பிடிக்கும், எதன் உதிரிபாகம் பாசார் பக்கம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று இரண்டையும் தராசில் வைத்தது போலச் சொன்னார். சிங்கிள் கேப்புக்கு நம்முடையதுதான் சரி என்று அவர் வாயால் வந்தபோது மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் புக்கிங் தாளை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன்.

“டபுள் கேப்ல பின்னால யாரு உக்காருவா?” என்றார் வேண்டாமக்கா.

குடையோடு நின்ற பெண்தான் சொன்னாள். “நான்தான்க்கா.”

“முன்னால?”

“அத்தை. அவங்கம்மா.”

வேண்டாமக்கா விலைப்பட்டியலை மேசையில் வைத்தார். பிறகு பின் கதவைத் திறந்து, “ஏறும்மா,” என்றார். அவளை ஏற்றிவிட்டு, மறுபக்கம் போய்த் தானும் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். கறுப்புக் கண்ணாடிக்குள் இரண்டு தலைகள் மட்டும் தெரிந்தன. வெளியே அந்த மனிதர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, டயரை உதைத்துப் பார்த்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

இறங்கியபோது அந்தப் பெண்ணின் கண் சிவந்திருந்தது.

“இந்த வண்டி வேணாங்க.”

“என்னா சொன்ன அவகிட்ட?” என்று அவர் வேண்டாமக்காவிடம் திரும்பினார்.

“ஒண்ணும் சொல்லல பாஸ். முட்டி வலிக்குதான்னு கேட்டேன். எத்தன நாளா வலிக்குதுன்னு அதுதான் சொல்லிச்சு.”

நான்கு வண்டி வியாபாரமும் போயிற்று. வாசலில் அவருடைய பழைய வண்டி ஏர்கான் போட்டு நின்றுகொண்டிருந்தது. முன் சீட்டில் கிழவி ஒருத்தி காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியை இறக்கி, தன் பழைய மருமகளை அடையாளம் கண்டு, “சாப்ட்டியாடி?” என்றாள், நேற்றுத்தான் பார்த்தது போல. அந்தப் பெண் குடையை மடக்கி, யாரும் சொல்லாமலேயே பின் கதவைத் திறந்து ஏறினாள்.

அன்றைக்கே வேண்டாமக்காவுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள். மாதக் கடைசி வரை வரலாம். அந்தக் கடைசி நாட்களில் ஒன்றில், எதிர்க்கடை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டிய நான்கு வண்டிகள் வரிசையாக நின்றன. அந்த மனிதர் சாவியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். கிழவியை இரண்டு பேர் தூக்கி முன் சீட்டில் வைத்தார்கள். அந்தப் பெண் பின்னால் ஏறினாள். நாங்கள் இருவரும் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஒரு பெண் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொன்னதற்குக் கிடைத்த பலன், சாலைக்கு அந்தப் பக்கத்து வண்டி.

“விடு லா,” என்றார் வேண்டாமக்கா. “அந்த வண்டில முட்டி இடிக்காது. அந்த மட்டுக்கும் நல்லது.”

பிறகு சீனாக்காரன் கடையில் சேர்ந்தார். அங்கே வந்தவர்களை எங்களிடமும் எதிர்க்கடைக்கும் ஒரு பாரபட்சமும் இல்லாமல் அனுப்பி, இரண்டே மாதத்தில் அங்கிருந்தும் அனுப்பப்பட்டார். எங்கள் கடையில் அவர் பெயரைப் பலகையிலிருந்து ஈரத்துணியால் துடைத்தது, ஆட்டுப்பண்ணைக்காரர் காப்பியைத் தானே குடித்த அதே மேனேஜர். வழியனுப்பக் கேக் இல்லை, படம் இல்லை. இப்போது இடுப்பு வலியோடு ரவாங்கில் தங்கை வீட்டில் இருக்கிறார். தங்கையின் புருஷனோடு ஒத்துப்போகவில்லை. தொலைக்காட்சியில் வருகிற யாரோடும் ஒத்துப்போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரயிலேறிப் போகிறேன். ஏன் இளைத்தாய், ஏன் இந்தச் சட்டை, ஏன் தாமதம் என்று வாசலிலேயே திட்டு ஆரம்பித்துவிடும். அந்தத் திட்டை வாங்காத வாரத்தில் எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.