மெல்பேணுக்கு ஆறு கதிரை

“பத்து மணித்தியாலம் என்ன பெரிய பத்து மணித்தியாலம்?” என்று கோகுலன் கேட்டார். கேட்ட இடம் அச்சுவேலியில் அவருடைய வீட்டுக் குசினி. அந்த இடத்தில் வாயை விட்டால் திருப்பி எடுக்க முடியாது என்பது பதினொரு வருஷம் குடும்பம் நடத்திய மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மெல்பேணில் இருக்கும், மனைவி கேதீஸ்வரியின் அக்கா தன் மகளின் கலியாணத்துக்கு இவர்கள் மூன்று பேருக்கும் பிளேன் டிக்கெட் போட்டு அனுப்பியிருந்தாள். மூன்றாவது ஆள் சுபாங்கன். வயது இரண்டும் இரண்டு மாதமும். கலியாணமாகி ஒன்பது வருஷம் காத்திருந்து, கீரிமலைக் கேணியில் முழுகி, நகுலேஸ்வரருக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை. அதனால் தாயும் தகப்பனும் அவனை ஒரு சொல் அதட்டமாட்டார்கள். அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்.

பயத்தைக் கொண்டுவந்து இறக்கியவர் பக்கத்து வீட்டு லூர்த்தம்மா. குசினி வாசலில் நின்றபடியே சொன்னார்.

“என்ரை மகன் கொலின்ஸின்ரை பிள்ளை பிளேன் எழும்பேக்கை அழத் தொடங்கினது, இறங்கும் மட்டும் நிப்பாட்டேல்லை. சாப்பாடு கொண்டந்த பெட்டையின்ரை கையைக் கடிச்சும் போட்டுதாம்.”

“பிறகு?” என்றாள் கேதீஸ்வரி.

“பிறகென்ன, கொலின்ஸ் அடுத்தமுறை கப்பல் ஏதும் ஓடுதோ எண்டு விசாரிக்கிறான்.”

கேதீஸ்வரி பெருமூச்சு விட்டாள். “இவரும் பாவம். இவராலை ஏலாது.”

அந்தக் கடைசிச் சொல் கோகுலனைக் குத்தியது.

“ஆராலை ஏலாது? இருபத்திரண்டு வருஷமாக் கொழும்பு பஸ்ஸிலை கொண்டக்டர். அறுபது சனத்தை எட்டு மணித்தியாலம் இருத்திக் கொண்டுபோறவன் நான்!”

“அந்தச் சனம் காற்சட்டையைக் கழட்டி எறியிறேல்லையே.”

“நீர் பேசாமல் இரும். பிளேனிலை ஏறினால் பிள்ளை என்ரை பொறுப்பு. நீர் அவனைத் தொடவும் தேவையில்லை.”

“சத்தியமா?”

“சத்தியமா!”

“அப்ப இப்பவே பழகுங்கோவன்” என்றாள் கேதீஸ்வரி, புட்டை அவித்துக்கொண்டே. “மூண்டு கிழமை லீவிலைதானே நிக்கிறியள். ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் கிழமை ரெண்டு மணித்தியாலம், அடுத்த கிழமை மூண்டு, கடைசிக் கிழமை நாலு. நான் அறைக்குள்ளை கதவைச் சாத்திப்போட்டுப் பெட்டி அடுக்குறன். நான் வீட்டிலையே இல்லையெண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ.”

கோகுலனுக்கு நல்ல யோசனையாகத்தான் பட்டது. தன் யோசனை போலவே பட்டது. அதுதான் கேதீஸ்வரியின் கெட்டித்தனம்.

அடுத்த நாள் ஒரு மணிக்கு விறாந்தையில் விமானம் தயார். பிளாஸ்ரிக் கதிரை ஆறு, இரண்டு இரண்டாக மூன்று வரிசை. நடுவில் நடக்கப் பாதை. பழைய சேலைக் கரை ஒன்று இடுப்புப் பெல்ற். விளையாட்டுச் சாமான் ஒரு கடகம் நிறைய: கிலுகிலுப்பை, படப்புத்தகம், திறப்புக்கோர்வை, பலூன், சில்வர்ப் பேணி இரண்டு.

கேதீஸ்வரி அறைக்கதவைச் சாத்தினாள். விமானம் கிளம்பியது.

பெல்ற்றைப் போட்டால் சுபாங்கன் அழுதான். அவிழ்த்தால் பறந்தான். அவனுக்குப் பிளேனே தேவையில்லை. படப்புத்தகத்தில் ஆனையைக் கிழித்தான். பலூனை வெடிக்கவைத்தான். திறப்புக்கோர்வை யன்னலால் போய் லூர்த்தம்மாவின் வளவுக்குள் விழுந்தது. பேணிகள் எங்கே போயின என்று பிறகும் தெரியவரவில்லை. பன்னிரண்டு நிமிஷத்தில் பத்து மணித்தியாலத்துச் சாமான் முடிந்தது. கோகுலன் மணிக்கூட்டைப் பார்த்தார். கணக்குப்படி விமானம் இன்னும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில்தான் நின்றது.

சுபாங்கன் வாயைத் திறந்தான். பெரிய அழுகைக்கு முதல் வருகிற, சத்தமில்லாத வாய்த் திறப்பு அது. கோகுலன் அறைக்கதவைப் பார்த்தார். தட்டினால் தோல்வி. அந்தப் பதற்றத்தில், யோசிக்காமல், இருபத்திரண்டு வருஷமாக வாயில் ஊறிக்கிடந்தது தானாக வெளியே வந்தது.

“டிக்கெட் எடுங்கோ, டிக்கெட்! ஏறினாக்கள் டிக்கெட் எடுங்கோ! முன்னுக்குப் போங்கோ, நடுவிலை இடம் கிடக்கு!”

சுபாங்கன் திறந்த வாயை மூடவில்லை. ஆனால் அழவும் இல்லை. தகப்பனை முதல்தரம் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

கோகுலன் அலுமாரியைத் திறந்து, மெசின் வருவதற்கு முந்திய காலத்து டிக்கெட் புத்தகம் ஒன்றைத் தேடி எடுத்தார். ஒன்றைக் கிழித்து மகனின் கையில் கொடுத்தார். கதிரையின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

“றைட்!”

“ஐட்!” என்றான் சுபாங்கன்.

பஸ் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு வீட்டில் மத்தியானங்கள் வேறு மாதிரிப் போயின. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் என்று கோகுலன் ஒவ்வொரு தரிப்பாகக் கூவுவார். ஒவ்வொன்றிலும் சுபாங்கன் இறங்கி, கதிரையைச் சுற்றி ஓடி, திரும்ப ஏறி, புது டிக்கெட் வாங்குவான். முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். அங்கே அவனுக்கு ஒரு பிஸ்கட். கும்பிட்ட பிறகுதான் தின்பான். வழக்கமான பகல் நித்திரையை அவன் மறந்தே போனான். இரவு ஏழு மணியானதும் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே சாய்ந்துவிடுவான்.

இரண்டாம் கிழமை, இந்தச் சத்தத்தைக் கேட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார் தியாகராசா அண்ணை. கோகுலனோடு பதினாறு வருஷம் ஒரே பஸ் ஓட்டியவர். ஓய்வு எடுத்து ஐந்து வருஷம். முழங்கால் வருத்தம். கொஞ்ச நேரம் விறாந்தைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்.

“என்ன தம்பி, ட்றைவர் இல்லாமல் பஸ் ஓடுது?”

“அண்ணை, இது பிளேன்.”

“பிளேனுக்கு ஏன் கொடிகாமத்திலை தரிப்பு?”

பதில் வருவதற்கு முதலே அவர் முன் கதிரையில் இருந்து, இல்லாத ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். முழங்கால் வருத்தம் எங்கேயோ போய்விட்டது. பளைக்கு இப்பால் வாயாலேயே கியர் மாற்றினார். சுபாங்கன் சந்தோசத்தில் கீச்சிட்டான்.

“பரந்தன்! பரந்தன் இறக்கம் இருக்கோ?” என்று கோகுலன் கூவினார்.

தியாகராசா அண்ணை திரும்பிப் பார்த்தார். “சண்டை நிண்டு பாதை திறந்த முதல் மாசம், பரந்தனிலை ஒருத்தர் இறங்கினவர். ஞாபகமே?”

“வெள்ளைச் சேட்டு. கையிலை ஒரு பூட்டுத் திறப்பு.”

“ஓம். தன்ரை கடை இருந்த இடத்திலை போய் நிண்டவர். அங்கை ஒண்டும் இல்லை. பத்தையும் கல்லுந்தான். நானும் பஸ்ஸை எடுக்கேல்லை. ஒருத்தரும் எடு எண்டும் சொல்லேல்லை. பிறகு வந்து அதே சீற்றிலை ஏறி இருந்திட்டார்.”

“நான் அவருக்கு ரெண்டாவது டிக்கெட் கிழிக்கேல்லை, அண்ணை.”

“எனக்குத் தெரியும்.”

முற்றத்து மாமரத்தில் ஒரு அணில் கத்தியது. பஸ் பரந்தனில் நின்றபடியே நின்றது. சுபாங்கன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பொறுமை போய்விட்டது.

“ஐட்!” என்று கதிரையில் தட்டினான்.

பஸ் கிளம்பியது.

அன்றிலிருந்து தியாகராசா அண்ணை ஒருநாளும் தவறவில்லை. சரியாக ஒரு மணிக்கு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவார். லூர்த்தம்மாவும் சில நாள் முறிகண்டி வரைக்கும் வந்து போவார். கோகுலன் தெருவில் நடக்கும்போது நெஞ்சு அரை அங்குலம் முன்னுக்கு வந்தது. ஒரு சின்னப் பயம் மட்டும் இருந்தது. மூன்று மணித்தியாலம் ஓடுகிறோம், பத்து ஓட முடியுமா? வவுனியாவுக்கு அங்காலே என்ன செய்வது? இரவிலே கொப்பி எடுத்து மதவாச்சி, அனுராதபுரம் என்று எழுதிப் பார்த்தார். மெல்பேண் வரும்வரை தரிப்பு போதாது போலிருந்தது.

கடைசிக் கிழமை ஒரு பின்னேரம், மூன்று மணியிருக்கும், அறைக்கதவு திறந்தது. கேதீஸ்வரி வந்தாள். முகம் கழுவி, பொட்டு வைத்திருந்தாள். நேரே மூன்றாவது வரிசையில் யன்னல் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தாள்.

கோகுலனுக்குக் கை நின்றுவிட்டது.

அந்த இடம்! பன்னிரண்டு வருஷத்துக்கு முதல், கொழும்பு பஸ் இல்லாத நாட்களில் அவரும் தியாகராசா அண்ணையும் அச்சுவேலி – யாழ்ப்பாணம் பஸ்ஸை ஓட்டும்போது, கூட்டுறவுச் சங்கத்துக்கு வேலைக்குப் போகும் ஒருத்தி அங்கேதான் இருப்பாள். பஸ் முழுவதும் டிக்கெட் கொடுத்து முடித்துக் கடைசியாகத்தான் அவளிடம் வருவார். வந்தால் பிறகு போகவேண்டிய இடம் ஒன்றும் இருக்காது. பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கலாம்.

“யாழ்ப்பாணம் ஒண்டு” என்றாள் கேதீஸ்வரி.

கோகுலன் முதலில் சுபாங்கனுக்குக் கொடுத்தார். பிறகு தியாகராசா அண்ணைக்கு. ட்றைவருக்கு டிக்கெட் இல்லை என்பதுகூட மறந்துபோயிற்று. கடைசியாக அவளிடம் வந்தார்.

“மிச்சக் காசு பிறகு தாறன்” என்றார்.

“அப்பவும் உதைத்தான் சொன்னியள். மிச்சத்தைத் தராமல்தானே கலியாணம் பேச ஆள் அனுப்பினியள்.”

தியாகராசா அண்ணை ஸ்ரியறிங்கிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். “நான் கண்ணாடியிலை எல்லாத்தையும் பாத்துக்கொண்டுதான் ஓடினனான், பிள்ளை.”

அந்த ஒரு பின்னேரத்துக்காக இன்னும் ஒரு மாதம் வேண்டுமானாலும் ஒத்திகை நடத்தலாம் என்று கோகுலன் நினைத்தார். கேதீஸ்வரி எழும்பிப் போகும்போது அவர் தோளைத் தொட்டு, “நல்லாச் செய்யிறியளப்பா. நாளைக்கும் நாலு மணித்தியாலம், சரியே?” என்றாள். அவர் ஆறு மணித்தியாலத்துக்கே தலையாட்டியிருப்பார்.

பயண நாள் வந்தது. மாலை ஆறரைக்குக் கட்டுநாயக்காவில் விமானத்துக்குள் ஏறினார்கள். கோகுலன் சட்டைப்பையில் டிக்கெட் புத்தகம், தோள்பையில் பிஸ்கட், கையில் தரிப்புக் கொப்பி. சுபாங்கனை யன்னல் பக்கம் இருத்தினார். பெல்ற்றை மாட்டினார். பிள்ளை அழவில்லை. பழகிய ஆள் போல இருந்தான்.

ஏழரைக்கு விமானம் மெல்ல நகர்ந்தது.

“பயணிகள் கவனம்!” என்று கோகுலன் மெதுவாகத் தொடங்கினார். “யாழ்ப்பாணம் விட்டு, சாவகச்...”

திரும்பிப் பார்த்தார். சுபாங்கனின் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாயோரத்தில் வீணி வடிந்திருந்தது. நல்ல நித்திரை.

“இஞ்சேரும்! இவன் படுத்திட்டான்!”

“ஓம், ஏழரையெல்லோ” என்றாள் கேதீஸ்வரி, போர்வையை விரித்தபடி. “இனி விடியத்தான் எழும்புவான். பகல் நித்திரையை விட்டால் இவன் ஏழு மணிக்கே விழுந்திடுவான் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் அக்காவிட்டை இரவுப் பிளேன் போடச் சொன்னனான்.”

“எப்ப சொன்னனீர்?”

“டிக்கெட் போடேக்கை. நீங்கள் குசினியிலை வந்து சத்தியம் பண்ணுறதுக்கு ஒரு கிழமைக்கு முதல்.”

கோகுலன் கொப்பியை மூடினார். கொஞ்ச நேரம் எடுத்தது, ஒவ்வொன்றாக விளங்க. விமானம் அதற்குள் மேலே எழும்பிவிட்டது. காது அடைத்தது. அடைத்த காதோடேயே கேட்டார்.

“அப்ப மூண்டு கிழமையா அறையைச் சாத்திப்போட்டுப் பெட்டி அடுக்கினது?”

“பெட்டி முந்தநாள்தான் அடுக்கினது. ரெண்டு வருஷமா நான் பகலிலை கண் மூடேல்லை, கண்டியளே. மூண்டு கிழமையும் என்ன அருமையான நித்திரை!”

“உமக்கு இரக்கமே இல்லையப்பா!”

“இறக்கம் மெல்பேணிலை” என்றாள் கேதீஸ்வரி.

கோகுலனுக்குச் சிரிப்பதா கோபிப்பதா தெரியவில்லை. “மூண்டு கிழமை தொண்டை கிழியக் கத்திப் பழகினது எல்லாம் வீணாப் போச்சுதே!”

கேதீஸ்வரி போர்வையைக் கழுத்துவரை இழுத்து, அவருடைய தோளில் வசதியாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

“ஏன் வீணாப் போகுது? திரும்பி வாறது பகல் பிளேன்.”