ஈஸ்ட் வீட்டுக் கல்யாணம்

மாப்பிள்ளை எது, பெண் எது, பிறந்த பிள்ளை எது என்று பாலசுந்தரத்துக்கு அடையாளம் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பில் மூன்றும் ஒரே முகமாக உருண்டு கிடந்தன.

அவர் சேலத்தில் விஞ்ஞான வாத்தியார். ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிவிட்டிருந்த சமயம். ஆராய்ச்சிக்கென்று அனுமதி வாங்கி ஒரு சீசா கள் அலமாரியில் வைத்திருந்தார். அதைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர்தான் மாப்பிள்ளை. வீட்டு ஆப்ப மாவில் எடுத்த ஈஸ்ட் பெண். இரண்டின் வித்துகளையும் கண்ணாடிச் சில்லில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்து, புது இனம் பிறந்துவிட்டதாக மதராஸுக்கு எழுதியும் போட்டுவிட்டார். அதை நம்பி, ஆராய்ச்சிசாலையில் வேலை தரலாமென்று புரொபசர் வீரபாகு ரயிலேறி வந்து உட்கார்ந்திருந்தார்.

"வித்தியாசம் எங்கே?" என்றார் வீரபாகு, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சாயம் போட்டாத் தெரியுமுங்க."

போட்டார். மூன்றும் நீலமாயின.

"பொங்கற வேகத்துல தெரிஞ்சுருமுங்க" என்று மூன்றையும் தனித்தனிச் சீசாவில் வெல்லத் தண்ணீரோடு அடைத்து அடுப்போரம் வைத்தார். பத்துப் பொருத்தமும் அமைந்த குடும்பம். மத்தியானத்துக்குள் மூன்றும் சேர்ந்தே பொங்கின, தக்கைகளும் சேர்ந்தே பறந்தன. நுரை புரொபசரின் கோட்டில் வழிந்தது. கள் வாடை தெருவுக்குப் போய்க் கான்ஸ்டபிள் நாச்சிமுத்துவை அழைத்து வந்தது.

"வாத்தியாருங்களே, உங்க ஊட்லயுமா?"

வாராவாரம் மதுவிலக்குக் கூட்டத்தில் பேசுகிறவர் பாலசுந்தரம். கேட்டுக் கைதட்டுகிறவர் நாச்சிமுத்து.

"அனுமதி வாங்குன சீசா ஒண்ணு இருக்குதுங்க. அதுக்கு மேல ஒரு சொட்டுக் கள்ளு இந்த ஊட்ல ஆரும் தொட்டதில்லீங்க. கமலவேணியக் கேளுங்க."

மனைவி கமலவேணியோ, வந்தவர்கள் வாயை அடைக்க இலை போட்டு ஆப்பம் பரிமாறிக்கொண்டிருந்தாள். புரொபசர் கோட்டைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். எழுதிய கடுதாசியைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட முடிந்தால் தேவலை என்றிருந்தது பாலசுந்தரத்துக்கு.

நாச்சிமுத்து இரண்டாவது ஆப்பத்தைப் பிட்டார்.

"ஏனுங்கம்மா, மாவுல ஊத்தக் கள்ளு கெடைக்காமக் கடைய மூடுனதுல இருந்து எங்கூட்டு ஆப்பம் வறட்டியாட்டம் கெடக்குது. உங்களுது மட்டும் எப்படீங்க இப்படிப் பூக்குது?"

கமலவேணி கணவனைப் பார்க்கவில்லை. கரண்டியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவிய அலமாரியில வெச்ச நாள்ல இருந்து, மாவுக்கு அந்தச் சீசாவுல இருந்துதானுங்க ஊத்திக்கறேன்."