நீதிபதி நாற்காலிக்கு ஒரு வழக்கு

கோர்ட் வாசற்படியையே மிதிக்காத ஒருத்தி நீதிபதியாக உட்காரப் போகிறாளாம்! இந்த அநியாயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு எந்தக் கணவனால் சோபாவில் படுத்திருக்க முடியும்? ஆட்சேபணை வக்கீலால் முடியவில்லை. தலையணை ஒரு பக்கம் விழ, துள்ளி எழுந்தார்.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவர்கள் சக வக்கீல்கள். எதிர்த்தரப்பு "இன்று வெயில் அதிகம்" என்றால்கூட எழுந்து நின்று ஆட்சேபிப்பார். என்ன கேட்கிறார்கள் என்பதெல்லாம் அப்புறம். முதலில் மறுத்துவிட வேண்டும். இத்தனை வருஷமாக அந்தத் தொண்டைதான் அவருக்குச் சோறு போடுகிறது.

அவர் மனைவியும் வக்கீல்தான். இரண்டு பேரும் ஒரே சட்டக் கல்லூரி, ஒரே வகுப்பு. அவர் குற்றவியல் கோர்ட்டுக்குப் போய்க் கறுப்புக் கோட்டுக்குள் வெந்தார். அவள் ஒரு கம்பெனியில் சேர்ந்து, குளுகுளு அறையில் உட்கார்ந்து ஒப்பந்தங்களைத் திருத்தினாள். வாயையே திறக்காமல் சம்பளம் வாங்குகிறவள் என்ன வக்கீல் என்பது அவருடைய அசைக்க முடியாத தீர்ப்பு. மேல்முறையீட்டுக்குப் பயந்து அதை மனசுக்குள்ளேயே வழங்கி வைத்திருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கல்லூரி முதல்வர் அவளுக்குப் போன் செய்தார். சமையலறையிலிருந்து பேச்சு கூடம்வரை வந்தது. மாணவர்களுக்குள் மாதிரி வழக்குப் போட்டியாம். இறுதிச் சுற்றுக்கு நீதிபதி வேண்டுமாம். "சரிங்க சார், நானே வர்றேன்" என்றாள். அதற்கு மேல் ஒட்டுக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அந்தப் போட்டியில் படிக்கிற காலத்தில் ஜெயித்தது யார்? அவர்! தோற்றது யார்? அவள்! வாதங்கள் பழுத்ததும் சமையலறைக்குள் பாய்ந்தார்.

செல்போன் பாத்திரத் தட்டில் சாய்ந்திருந்தது. மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நம்மளைப் படிக்க வச்ச காலேஜுக்கு ஏதாவது திருப்பிச் செய்யணும்ல? அதான் யோசிக்கிறேன்" என்றாள்.

"செய்யணும்! ஆனா யாரு செய்யணும்? நான் செய்யணும்!"

"நீங்களா? சனிக்கிழமை காலையிலங்க. நீங்க தூங்கற நேரமாச்சே."

"ஆட்சேபிக்கிறேன்! என்னை ஆளாக்கின காலேஜை விடவா தூக்கம் பெரிசு?"

"மூணு மணி நேரம் நிக்கணும்."

"கோர்ட்ல நாள் பூரா நிக்கிறேன்!"

"மைக் கிடையாது."

"இந்தத் தொண்டைக்கு எதுக்குடி மைக்?"

"முதல் வருஷப் பிள்ளைங்க. ஒண்ணையே பத்துத் தடவை சொல்லணும்."

"தூங்குற ஜட்ஜுக்கே புரிய வச்சவன் நான்!"

"ஒரு வாரம் போயிட்டு, இடுப்பு வலிக்குதுன்னு படுத்துடுவீங்க."

இடுப்பைத் தொட்டதும் மானம் வலித்தது. "யாரு, நானா? வாரா வாரம் போவேன்! வருஷம் முழுக்கப் போவேன்! எவன் தடுக்கிறான்னு பாக்கறேன்!"

மனைவி கத்தியைக் கீழே வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாதத்துல உங்களை ஜெயிக்க முடியுமா? நீங்களே போங்க."

வெற்றி! அவர் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது.

"சார், கேட்டீங்களா?" என்றாள் அவள், பாத்திரத் தட்டைப் பார்த்து.

"கேட்டேம்மா!" என்றது செல்போன். முதல்வர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். "சனிக்கிழமை வகுப்புக்கு ஆள் கிடைக்காம அல்லாடிக்கிட்டிருந்தோம். வருஷம் முழுக்கன்னு சார் அவர் வாயாலேயே சொல்லிட்டாரு. இப்பவே அறிவிப்புப் பலகையில ஒட்டச் சொல்றேன்." போன் அணைந்தது.

"வகுப்பா? அப்போ நீதிபதி நாற்காலி?"

"அது எனக்குக் கொடுத்தது. அன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போவேன். வகுப்பையும் என்னைத்தான் கேட்டாரு. வாரா வாரம் சனிக்கிழமை எனக்கு ஆபீஸ் இருக்கே? வேற நல்ல ஆளா பாத்துத் தர்றேன்னு சொல்லிக்கிட்டிருந்தேன், நீங்க உள்ள வந்தீங்க."

"மோசடி! பட்டப்பகல் மோசடி! வகுப்புன்னு ஒரு வார்த்தை சொன்னியா?"

"நீங்க கேட்டீங்களா? நிக்கணும்னுகூடச் சொன்னேன். எந்த நீதிபதிங்க நின்னுக்கிட்டுத் தீர்ப்பு சொல்றாரு?"

ஆட்சேபணை வக்கீல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். போகட்டும், வகுப்பு என்றாலும் மேடைதானே என்று தேற்றிக்கொண்டு கேட்டார்: "குற்றவியல் சட்டம்தானே? தூக்கத்துலகூட நடத்துவேன்."

"இல்லங்க. ஒப்பந்தச் சட்டம்."

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். அது அவர் இரண்டு முறை கோட்டைவிட்டு, மூன்றாம் முறை அவள் சொல்லிக் கொடுத்துத் தேறிய பாடம். வருஷம் முழுக்க, வாரா வாரம், மைக் இல்லாமல்!

"அதுல எனக்கு ஒரு மண்ணும் தெரியாதேடி!"

"கவலைப்படாதீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து உக்காருங்க, நான் சொல்லித் தர்றேன்" என்று அடுத்த வெங்காயத்தை எடுத்தாள் அவள். "முதல் பாடம் ரொம்பச் சுலபம். எதுக்குன்னு கேக்காம சம்மதம் சொல்லக் கூடாது."