அறுபத்தைந்து இன்ச்சுக்கு இடம் பண்ணியவர்

அறுபத்தைந்து இன்ச் டிவி வாங்கியே தீருவது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். அப்போது வீட்டில் யாரும் இல்லை. அவர் துணிந்து முடிவெடுப்பதெல்லாம் அப்படிப்பட்ட நேரங்களில்தான்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பார்த்துச் சொல்வது அவர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை, "கீழ் வரி தெரியுதா? அதுக்கும் கீழ?" என்று கேட்டுக் கேட்டுக் கொசு முட்டை அளவு எழுத்துகளோடு பிழைப்பு. வீட்டுக்கு வந்தாவது எதையாவது பெரிதாகப் பார்க்கலாம் என்றால், இருந்தது இருபத்து நாலு இன்ச் டிவி. ஆட்டக்காரர்கள் ஓடுகிற திசையை வைத்துத்தான் பந்து எங்கே என்று ஊகிக்க வேண்டும். போன மாதம் அதுவும் கண்ணை மூடிவிட்டது.

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பவள் அவள். ஹால் தரையில் மண்டிபோட்டுத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"பெரிய ஸ்கிரீனா வாங்கலாம்னு இருக்கேன்."

"யார் வீட்டு ஜன்னலுக்கு?"

"டிவி ஸ்கிரீனைச் சொல்றேன். அறுபத்தஞ்சு இன்ச்."

"அகலமா, உயரமா?"

"குறுக்கால. மூலைக்கு மூலை."

"குறுக்கால அளந்து துணி குடுத்தா என்னை அடிக்க வருவாங்க. சரி, இந்த ரூமுக்கு அது அடங்குமா?"

"பேஷா அடங்கும்."

"உங்க வாய்ல எல்லாம் அடங்கும். கடைல கேட்போம்."

கடை விற்பனையாளர் கறாரான ஆள். "சோபாவுல உட்கார்ந்தா உங்க கண்ணுக்கும் சுவருக்கும் எத்தனை இன்ச்? அதை ஒன்றரையால வகுங்க சார். வர்றதுதான் உங்க டிவி. மேல போனா கழுத்து வலிக்கும், கண்ணு எரியும்."

"இவரே கண் பார்க்கிறவர்தான்" என்றாள் மனைவி. "அளவு தப்பக் கூடாதுன்னு ஊருக்கே சொல்றவர். என்னங்க, இல்லையா?"

நாலு பேர் எதிரில் தொழிலை இழுத்துவிட்ட பிறகு மனுஷன் என்ன சொல்வான்?

"அளவுதான் முக்கியம்" என்றார் கண்ணாடிக்காரர்.

வீட்டுக்கு வந்ததும் டேப்பைப் பிடித்தார்கள். அறுபது. வகுத்தால் நாற்பது.

"ஆசைப்பட்டதுல இருபத்தஞ்சு குறையுது" என்றார் அவர், முகம் தொங்கிப்போய்.

"குறைஞ்சா என்ன? நானும் கல்யாணத்துல ஆசைப்பட்டதுக்குக் கொஞ்சம் குறைச்சலாத்தான் வாங்கினேன். பழகிடும்."

மறுநாள் சவரம் செய்யும்போது அவருக்குப் பளிச்சென்று உதித்தது. சுவரை நகர்த்த முடியாது. சோபாவை நகர்த்தலாமே. அறுபத்தைந்துக்குத் தொண்ணூற்றெட்டு இன்ச் வேண்டும். இன்னும் முப்பத்தெட்டு பின்னால் தள்ளினால் போதும்.

சோபாவுக்குப் பின்னால் இடம் இருந்தது. ஆனால் அதில் அவருடைய சொத்துகள் குடியிருந்தன. பதினோரு நாள் மிதித்த உடற்பயிற்சி சைக்கிள். விரிசல் விட்ட மீன் தொட்டி. கால் ஒடிந்த மூக்குக் கண்ணாடிகள் ஒரு மூட்டை. எடுத்துப் போடுங்கள் என்று மனைவி சொல்லும்போதெல்லாம், "எப்பவாவது தேவைப்படும்" என்று காப்பாற்றி வைத்தவை. இப்போது ஒவ்வொன்றாகப் பழைய சாமான் கடைக்குக் கிளம்பின.

சோபாவை ஒரேயடியாகத் தள்ளினால் குட்டு வெளிப்பட்டுவிடும். தினமும் காலையில் மனைவி தைத்ததைக் கொடுக்க வெளியே போவாள். அந்த நேரம் பார்த்து ரெண்டே ரெண்டு இன்ச். மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, சத்தமில்லாமல்.

ஒரு வினோதம் நடந்தது. ரெண்டு இன்ச் தள்ளுவார். பல நாள், அடுத்த காலை அளந்தால் நாலு நகர்ந்திருக்கும். ஒருநாள் இடுப்புப் பிடித்துக்கொண்டதால் சோபாவைத் தொடவே இல்லை. அன்றைக்கும் கணக்கு ஏறியிருந்தது. கண்ணாடி முன் நின்று கையை மடக்கிப் புஜத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தன் பலம் தனக்கே தெரியாமல் இத்தனை வருஷம் வீணாகப் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது.

மனைவி ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. "சைக்கிள் எங்கங்க?" என்று ஒரே ஒருமுறை கேட்டாள்.

"வீடு சுத்தமா இருந்தா நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

பன்னிரண்டாம் நாள் கணக்கு முடிந்தது. அவளைக் கூப்பிட்டு டேப்பை நீட்டினார்.

"எதுக்கும் இன்னொரு தடவை அளந்துடு."

ரெண்டு தடவை அளந்தாள். "தொண்ணூத்தெட்டு. சோபா நகர்ந்திருக்கும் போலிருக்கே."

"அப்படியா? நான் கவனிக்கல. அறுபத்தஞ்சு வருதா?"

"தாராளமா வருது."

"அளவுன்னா அளவுதான்."

"நானும் அதைத்தான் சொல்றேன்" என்று அவள் போய் வாசல் கதவைத் திறந்தாள். தச்சர் நின்றிருந்தார். அவரும் இன்னொருவருமாக ஏழடி நீள மேசை ஒன்றை உள்ளே தூக்கி வந்தார்கள்.

"இது எதுக்கு?"

"துணி வெட்ட. சோபாவுக்கு எதிர்ச் சுவரோரமா போடுங்கண்ணா." கணவர் பக்கம் திரும்பினாள். "ரெண்டு வருஷமா மேசை கேட்டேன். ஹால்ல இடமே இல்லன்னீங்க. பாவம், நீங்களே இடுப்பு ஒடியத் தள்ளி இடம் பண்ணிக் குடுத்துட்டீங்க."

"உனக்கு எப்ப தெரியும்?"

"முதல் நாளே. சோபா காலுக்குப் பக்கத்துல சாக்கட்டியால கோடு போட்டு வெச்சேன். தினம் ரெண்டு இன்ச்சுன்னா எந்தக் காலத்துல முடியறது? மத்தியானத்துல நானும் தள்ளினேன். முப்பத்தெட்டுல பதினாறு என்னுது."

கண்ணாடிக்காரரின் புஜம் அந்த நிமிஷமே இளைத்துப் போனது.

"அப்போ டிவி?"

"அந்தச் சுவர்ல தச்சதைத் தொங்கவிட்டு மடிப்புப் பார்க்கணும். டிவியை பெட்ரூம்ல மாட்டுவோம். அளந்துட்டேன். கட்டில் ஓரத்துல உட்கார்ந்தா உங்க கண்ணுக்கும் சுவருக்கும் நாப்பத்தெட்டு. ஒன்றரையால வகுங்க."

அவர் வகுக்கவில்லை.

"முப்பத்திரண்டு வருது சார்" என்றார் தச்சர், யாரும் கேட்காமலே.

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அவள் மேசையில் துணியை விரித்து, நின்றபடி ஒரே இழுப்பில் கத்தரித்துக்கொண்டு போனாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும் வேலை இல்லை. அதைப் பார்த்ததும் வந்த கோபம் உட்கார இடமில்லாமல் போய்விட்டது.

சாயங்காலம் கடைக்குப் போனார்கள். முப்பத்திரண்டு வாங்கினார்கள். "காட்சிக்கு மாட்டியிருக்கிற அறுபத்தஞ்சோட பெட்டி காலியாத்தானே கிடக்கு? குடுங்க, மேசை மேல விரிக்க அட்டை வேணும்" என்று மனைவி கேட்டு வாங்கினாள். ரெண்டு பெட்டி தூக்க வேண்டாமே என்று விற்பனையாளர் சின்ன டிவியைப் பெரிய பெட்டிக்குள்ளேயே வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

வாசலில் வண்டியை நிறுத்திப் பெட்டியை இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். பெட்டியில் போட்டிருந்த எண்ணைப் பார்த்ததும் தண்ணீர் அவர் செருப்பின் மேலேயே ஊற்றியது.

"அறுபத்தஞ்சா சார்?"

கண்ணாடிக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார். "அறுபத்தஞ்சேதான்."

"பெட்டி மட்டுங்க" என்றாள் மனைவி, சாவியைத் தேடிக்கொண்டே.